மூடையும் முள்ளந்தண்டும்

எழுபது கிலோ நெல் மூடையொன்றைத் தரையிலிருந்து லொறித் தட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 1.2 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுவதில் நடக்கும் வேலை 820 யூல். ஒருவர் ஒரு நாளில் 200 மூடைகளை இப்படி ஏற்றுகிறார் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 164,000 யூல் ஆகும். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் மின்சாரப் பட்டியலில் வரும் ஓர் அலகு என்பது 36 இலட்சம் யூல். பதினாலு தொன் நெல் லொறியில் ஏறிவிட்டது, செலவான சக்தியோ ஓர் அலகில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்து வாற்று மின்குமிழ் ஒன்று நாலரை மணித்தியாலம் எரிந்தால் தீர்ந்துபோகும் அளவு அது. உணவுக் கணக்கில் பார்த்தால் 39 கிலோகலோரி. தசைகள் தாம் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும் என்பதையும் சேர்த்தால்கூட 160 கிலோகலோரிதான், ஒரு கோப்பைச் சோறு தருவதைவிடக் கொஞ்சம் குறைவு. மூடை தூக்குபவர் மாலையில் களைத்துப்போவது உண்மை. அவர் தன் உடம்பையும் ஒவ்வொரு நடைக்கும் மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவருகிறார், வெயிலில் நடக்கிறார், சுமையைச் சரியவிடாமல் பிடிக்கிறார். அதனால் அவர் எரிப்பது இந்தக் கணக்கைப்போலப் பல மடங்கு. ஆனால் அந்தப் பல மடங்கில் நெல்லை ஏற்றுவதற்கென்றே செலவானது அந்த ஒரு கோப்பைச் சோறு மட்டும்தான்.

இந்தக் கணக்கை மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. வாகனேரி, கிரான், புணானைப் பக்கத்து வயல்களின் நெல் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் இந்த வட்டாரத்து ஆலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் வருகிறது. திருகோணமலைக்குப் போகும் வீதியும், நாவலடிப் பக்கம் பிரிந்து பொலன்னறுவைக்கும் ஹபரணைக்கும் போகும் வீதியும் அருகருகே இருப்பதால், வந்த நெல்லும் அரிசியும் லொறி மாறி வெளியே போகின்றன. வயலிலிருந்து கடை வரைக்கும் ஒரே நெல் எத்தனை தடவை மனிதத் தோளில் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். உழவு இயந்திரப் பெட்டிக்கு ஒரு தடவை, பெட்டியிலிருந்து களஞ்சிய அடுக்குக்கு ஒரு தடவை, அடுக்கிலிருந்து ஆலைக்கு ஒரு தடவை, அரிசியான பின் லொறிக்கு ஒரு தடவை, ஊர் போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொன்று. அறுவடையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டோம், குற்றுவதையும் தீட்டுவதையும் கொடுத்துவிட்டோம். இவற்றுக்கு இடையிலுள்ள அந்த 1.2 மீற்றர் உயரத்தை மட்டும் மனித முதுகிடம் விட்டுவைத்திருக்கிறோம். நான் சொல்ல வருவது இதுதான்: அந்த முதுகு கெடுவது அது கொடுக்கும் சக்தியால் ஏற்படுவதில்லை, அதன்மேல் நாம் சுமத்தும் விசையால் ஏற்படுகிறது. விசையைக் குறைக்க எரிபொருளோ மின்சாரமோ தேவையில்லை. பத்தாம் வகுப்புக்கு முன்னரே பிள்ளைகள் படித்து முடிக்கும் எளிய பொறிகள் போதும்.

குனிந்து மூடையைத் தூக்கும்போது உடம்பே ஒரு நெம்பாகிறது, அதுவும் மிகவும் நட்டமான நெம்பு. இடுப்பின் கீழ்ப் பகுதியிலுள்ள முள்ளென்பு இடைத்தட்டுத்தான் அதன் தாங்குபுள்ளி. முதுகுத் தசைகள் அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று இழுக்கின்றன. கையிலுள்ள மூடையோ முன்னால் நாற்பது சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. எட்டுக்கு ஒன்று என்ற விகிதம். சுமையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தசை எட்டுக் கிலோவுக்குரிய விசையைத் தர வேண்டும். இருவர் இரு முனையில் பிடித்துத் தூக்கினால் ஆளுக்கு 35 கிலோ, அதாவது 343 நியூற்றன். அதோடு குனிந்திருக்கும் மேலுடம்பின் பாரமும் சேர்கிறது. அதை 40 கிலோ என்றும், அதன் மையம் இருபது சென்ரிமீற்றர் முன்னால் இருப்பதாகவும் கொண்டால், தசைகள் இழுக்க வேண்டிய விசை 4,300 நியூற்றனைத் தொடுகிறது. அவ்வளவும் இடைத்தட்டை அழுத்தும் விசையாக வந்து சேரும். ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நியோஷ் 1981-இல் தந்த வழிகாட்டியில், 3,400 நியூற்றனைத் தாண்டினால் ஆபத்துத் தொடங்குகிறது என்று எல்லை வகுத்தது. நமது கணக்கில் இருவர் பகிர்ந்து, பதறாமல், வழுக்காமல் தூக்கும்போதே அந்த எல்லை கடந்துபோய்விட்டது. ஒருவர் தனியாகத் தூக்கினால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூடை தலைக்கோ தோளுக்கோ போய்விட்ட பிறகு நிலைமை வேறு. சுமையின் மையம் முள்ளந்தண்டுக்கு நேர் மேலே வந்துவிடுவதால் எட்டு மடங்கு என்ற பெருக்கம் மறைந்துவிடும். நாட்டாமை எனப்படும் சுமை தூக்கும் வேலை செய்வோர் சுமையைத் தலையில் வைப்பதும், இருவர் தூக்கிவிட மூன்றாமவர் சுமப்பதும் அனுபவம் கற்றுக்கொடுத்த நல்ல பௌதிகம். கேடு இருப்பது நடையில் குறைவு, தூக்குவதிலும் இறக்குவதிலும் அதிகம். “பழகிய உடம்பு, அதற்கு ஒன்றும் ஆகாது” என்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழகுவது தசை. பாரம் தூக்கத் தூக்க அது தடிக்கும், வலுக்கும். வளர்ந்தவர்களின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது. அது ஊட்டத்தை அக்கம்பக்கத்திலிருந்து மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது, அடிபட்டால் ஆறுவதும் மிக மெதுவாகவே. ஆக, நாற்பது வயதுக்காரரின் தோளைப் பார்த்து அவருடைய முதுகைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. தோள் எவ்வளவு பலமாகிறதோ அவ்வளவு பெரிய விசையை அது இடைத்தட்டின்மேல் இறக்கக் கூடியதாகவும் ஆகிறது.

இனி எளிய பொறிகளுக்கு வருவோம். சாய்தளம், நெம்பு, கப்பி, சில்லும் அச்சாணியும் ஆகியவை வேலையை மிச்சப்படுத்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். அவை ஒரு யூலைக்கூட மிச்சப்படுத்துவதில்லை. 1600-ஆம் ஆண்டளவில் கலிலியோ பொறிகளைப் பற்றி எழுதிய சிறுநூலில் இதைத்தான் வலியுறுத்தினார். பொறியால் இயற்கையை ஏமாற்ற முடியாது, விசையில் குறைத்ததைத் தூரத்தில் கொடுத்தே ஆக வேண்டும். உராய்வையும் சேர்த்தால் பொறியைப் பயன்படுத்துபவர் மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்கிறார். எனக்குப் பொறிகளின் மிகப் பெரிய சிறப்பே இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. மனிதனிடம் ஏராளமாக இருப்பதை, அதாவது நாள் முழுவதும் மெதுவாகக் கொடுக்கக்கூடிய சக்தியை அவை கூடுதலாக வாங்கிக்கொள்கின்றன. அவனிடம் மிகக் குறைவாக இருப்பதை, அதாவது ஒரே கணத்தில் தாங்கக்கூடிய விசையை, விட்டுவிடுகின்றன. நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்துத் துலாவிலும் தமிழ்நாட்டு ஏற்றத்திலும் ஆள் மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்தார். நீரை மேலே கொண்டுவந்தது அவருடைய உடற்பாரம். முதுகு நிமிர்ந்தே இருந்தது, கால்கள் வேலை செய்தன. மின்னியல் விதியால் பெயர் பெற்ற கூலோம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுமை தூக்குவோரின் நாள் வேலையை அளந்து ஆராய்ந்தவர். சுமந்து ஏறுபவரின் உழைப்பில் பெரும்பகுதி அவருடைய சொந்த உடம்பை ஏற்றுவதிலேயே போய்விடுகிறது என்பது அவருக்குத் தெளிவாகப் புலப்பட்டது. துலா மிதித்தவர் அந்த வீண்செலவையே கருவியாக்கிக்கொண்டார்.

“லொறிக்குப் பலகை போட்டுத்தானே ஏற்றுகிறார்கள், அது சாய்தளம் இல்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலில்தான் விஷயமே இருக்கிறது. பலகையில் மூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவருக்குச் சாய்தளம் காலுக்கு மட்டுமே கிடைக்கிறது. மூடையின் முழுப் பாரமான 686 நியூற்றனும் ஒவ்வோர் அடியிலும் அவருடைய கழுத்திலும் முதுகிலும் நிற்கிறது, ஓர் அணுவும் குறைவதில்லை. போதாததற்கு, வளையும் ஒடுங்கிய பலகையில் அந்த உயரத்தில் தடுமாறும் ஆபத்தும் சேர்கிறது. சாய்தளம் சுமைக்கு உதவ வேண்டுமானால் சுமை அதன்மேல் இருக்க வேண்டும். பாடப்புத்தகப் படத்தில் பீப்பாய் பலகையில் உருள்கிறது, யாருடைய தலையிலும் அது இல்லை. நெல் மூடை உருளாது என்பதால் அதற்குச் சில்லு வேண்டும். 4.8 மீற்றர் நீளமான உறுதியான பலகைத் தளமும் இருபது கிலோ கைவண்டியும் இருந்தால், ஒரு மூடையை 1.2 மீற்றர் உயரத்துக்குத் தள்ளத் தேவையான விசை உராய்வையும் சேர்த்து 240 நியூற்றன் அளவில் நிற்கும். மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூட. அந்த விசையையும் காலும் தோளும் தருகின்றன, குனிந்த இடுப்பு தருவதில்லை.

அதைவிடச் சிறந்த வழி ஏற்றவே வேண்டாதபடி செய்வது. நெல் வரும் உழவு இயந்திரப் பெட்டியின் தட்டு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெளியே போகும் லொறியின் தட்டும் கிட்டத்தட்ட அதே உயரம். நடுவில் களஞ்சியத் தளம் மட்டும் தரையில் கிடக்கிறது. அதனால் வரும் நெல்லை ஒரு மீற்றர் கீழே இறக்கி, வைத்திருந்த உயரத்தை வீணாக்கிவிட்டு, பிறகு அதே உயரத்தை முதுகால் விலை கொடுத்து வாங்குகிறோம். களஞ்சியத் தளத்தையோ குறைந்தது அதன் முன்மேடையையோ லொறித் தட்டின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் மூடை கிடையாகவே நகரும். புவியீர்ப்புக்கு எதிரான வேலை கிட்டத்தட்ட இல்லை என்றாகிவிடும். மூன்று மூடை ஏற்றிய கைவண்டி, தன் பாரத்தோடு சேர்த்து 240 கிலோ என்று கொண்டாலும், மட்டமான சீமெந்துத் தளத்தில் அதை நகர்த்த ஐம்பது முதல் எழுபது நியூற்றன் போதும். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும் விசையிலும் குறைவு அது. இதில் புதுமை எதுவும் இல்லை. 1920களின் இறுதியில் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதத்தைப் போல உலகெங்கும் சரக்குப் புகையிரதத்தைக் கொண்டுவந்தவர்கள், சரக்கு மேடையை வண்டித் தளத்தின் உயரத்துக்குக் கட்டுவதைச் சாதாரண நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். அதே பாதையில் உள்ள ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலம், புகையிரதமும் வாகனங்களும் நெடுங்காலம் ஒரே தட்டில் முறைவைத்துக் கடந்த பாலம், முழுவதும் விசைக் கணக்கால் நின்றது. ஒவ்வோர் இரும்புச் சட்டமும் எவ்வளவு தாங்கும் என்று எழுதிப் பார்த்த பிறகுதான் அதன்மேல் எஞ்சின் ஓடியது. பாலத்துக்குப் போட்ட கணக்கைப் பாலத்தடி ஆலைகளில் மனிதருக்கு யாரும் போடவில்லை.

இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஊரின் வாகனத் திருத்துமிடங்களில் இயந்திரத்தைத் தூக்கச் செயின் புளொக் தொங்குகிறது. கையால் இழுக்கும் சங்கிலியும் பற்சில்லும் கப்பியும் சேர்ந்த அந்தப் பொறியைக் கொண்டு ஒருவரே ஒரு தொன் பாரத்தைத் தூக்குவார். பக்கத்து ஆலையில் மூன்று மீற்றர் உயர அடுக்கின் உச்சிக்கு மூடை போவதோ தோள்வழியாக. வாகன இயந்திரம் விழுந்தால் நட்டம் உரிமையாளருக்கு. முதுகு முறிந்தால் நட்டம் மூடைக்கூலிக்கு வந்தவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும், கொஞ்சம் அரச வைத்தியசாலைக்கும். செலவை யார் ஏற்கிறாரோ அவருக்குத்தான் பொறி வாங்கத் தோன்றும். ஆகவே இது ஆலை உரிமையாளரின் நல்ல மனத்தை நம்பிக் காத்திருக்க வேண்டிய விஷயம் அன்று.

மூடையின் நிறையைச் சட்டத்தால் குறைத்துவிட்டால் போதாதா? குறைக்கத்தான் வேண்டும். சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த 127-ஆம் இலக்க உடன்படிக்கை, தொழிலாளியின் உடல்நலத்துக்குக் கேடான பாரத்தைச் சுமக்கச் செய்யக் கூடாது என்றது. அதோடு வந்த பரிந்துரை வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை மேல் எல்லையாகக் குறித்தது. இந்தியாவில் தானியம் நூறு கிலோச் சாக்கிலிருந்து ஐம்பது கிலோச் சாக்குக்கு மாறியிருக்கிறது. மராட்டியம் 1969-இலும் கேரளம் 1978-இலும் சுமை தூக்குவோருக்கெனத் தனிச் சட்டங்களே இயற்றின. நம் பகுதியில் மூன்று புசல் நெல் என்றாலே 63 கிலோ ஆகிவிடுகிறது. ஆனால் நிறையை மட்டும் குறைத்து உயரத்தை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று அதே நெம்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோ மூடையைத் தனியாகத் தரையிலிருந்து தூக்குபவரின் தசை விசை, மேலுடம்பின் பாரத்தைச் சேர்க்காமலே 3,900 நியூற்றன். எழுபதை இருவர் தூக்கிய இடத்தில் ஐம்பதை ஒருவர் தூக்குவார் என்பதையும் கூலி கொடுப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். நியோஷ் 1991-இல் திருத்தி வெளியிட்ட கணக்கில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூடத் தூக்கத்தக்க நிறை 23 கிலோதான். நெல் வியாபாரம் அந்த எண்ணுக்கு இறங்கிவரும் என்று நான் நம்பவில்லை. தளத்தை உயர்த்துவது அதைவிட எளிது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேலைவாய்ப்பைப் பற்றியது. பொறி வந்தால் நாட்டாமைக்கு வேலை போய்விடும் என்ற அச்சத்தை ஏளனம் செய்ய முடியாது. 1956-இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கொள்கலன்களோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனபோது, தொன்னுக்கு 5.86 டொலராக இருந்த ஏற்றுகூலி 16 சதமாக விழுந்தது என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு. அதற்குப் பின் உலகின் பல துறைமுகங்களில் சுமை தூக்குவோர் கூட்டமே இல்லாமல் போயிற்று. நமது கரையிலேயே, கரைவலை இழுக்க உழவு இயந்திரத்தில் வின்ச் பொருத்தியபோது வலையிழுக்கும் ஆட்கள் குறைந்தார்கள், அதுபற்றிய தகராறும் எழுந்தது. ஆனால் இந்த உதாரணங்களைக் கூர்ந்து பார்த்தால் அவற்றில் வேலையைப் பறித்தது பாரந்தூக்கியின் மோட்டாரும் வின்ச்சின் டீசலும் என்பது தெரியும். அவை வெளியிலிருந்து சக்தியைக் கொண்டுவந்தன. அதனால் சக்தி கொடுத்த மனிதர் தேவையற்றவரானார். சாய்தளத்துக்கும் கைவண்டிக்கும் செயின் புளொக்குக்கும் சொந்தச் சக்தி கிடையாது. தள்ளவும் இழுக்கவும் ஆள் வேண்டும், ஆள் இல்லாவிட்டால் அவை வெறும் மரமும் இரும்பும். மனிதருக்குப் பதிலாக நிற்கும் பொறியையும் மனிதரோடு நிற்கும் பொறியையும் ஒரே தராசில் வைத்துவிட்டு, முதுகா வேலையா என்று தொழிலாளியைக் கேட்பது தவறான கேள்வி. சொல்லப்போனால் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் அந்த வேலைகளுக்கு ஆபத்து. தூக்குவதற்கு இளைஞர்கள் வராத நாளில் ஆலைக்காரர் நேரே மோட்டார்ப் பட்டிக்குத் தாவிவிடுவார். நடுவில் இருக்கும் படி ஒருபோதும் கட்டப்படாமலே போய்விடும்.

இதில் நான் மறைக்க விரும்பாத ஒரு சிக்கல் உண்டு. விசையைக் குறைத்தால் தூரம் கூடும், தூரம் கூடினால் நேரம் கூடும். மூடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், கைவண்டியோடு நீண்ட சாய்தளத்தில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் குறைவான மூடைகளையே ஏற்றுவார். அவரே பலகையையும் வண்டியையும் ஓரமாக எறிந்துவிட்டு மூடையைத் தலையில் வைப்பார், அதை அறியாமை என்று சொல்ல முடியாது. அதனால்தான் சாய்தளத்தைவிட மட்டமான மேடையை முன்னே வைக்கிறேன். அங்கே ஒரு நடையில் மூன்று மூடை போவதால், நேரம் கூடாது, குறையவே செய்யும். அப்படிக் குறையும்போது மூடைக்கூலியை வெட்டலாம் என்று ஆலைக்காரர் எண்ணுவார். கூலியைத் தொன்னுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவைத்தால், மூடை சிறிதானாலும் பெரிதானாலும் தொழிலாளிக்குக் குறைவு வராது, மூடையைச் சிறிதாக்குவதை எதிர்க்க அவருக்குக் காரணமும் இருக்காது.

மேடை கட்ட யார் பணம் கொடுப்பது என்பதே மிச்சம். பழைய ஆலைகளை இடித்துக் கட்டச் சொல்வது நடக்காத காரியம், நியாயமும் இல்லை. ஆனால் புதிய ஆலைக்கும் களஞ்சியத்துக்கும் கட்டட அனுமதி கொடுப்பது பிரதேச சபைதான். அத்திவாரம் போடும்போதே ஏற்றும் பக்கத்தின் தளத்தை ஒரு மீற்றர் உயர்த்துவது மண்ணும் கல்லும் நிரப்பும் செலவு, கூரை வரைக்கும் எழும்பிய பிறகு செய்வதைவிட எவ்வளவோ மலிவு. கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். நெல் சந்தைப்படுத்தும் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் தாம் புதிதாகக் கட்டும் அல்லது திருத்தும் களஞ்சியங்களில் அதை முதலில் செய்துகாட்டலாம். வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் உயர்ந்த தளம் நெல்லுக்கும் காப்பு என்பதால், தொழிலாளியின் முதுகைப் பற்றி அக்கறையில்லாதவருக்குக்கூட அதில் ஒரு காரணம் கிடைக்கும். லொறிகள் எல்லாம் ஒரே உயரம் இல்லையே என்பார்கள். உண்மைதான். பத்து, பதினைந்து சென்ரிமீற்றர் வித்தியாசம் இருக்கும், ஏற்ற ஏற்ற வில் அமுங்கித் தட்டும் இறங்கும். மேடையின் விளிம்பில் பிணைச்சலில் ஆடும் ஓர் இரும்புத் தகடு அந்த வித்தியாசத்தை மூடிவிடும். ஓட்டமாவடியில் இரும்புக் கதவு ஒட்டுகிற எந்தப் பட்டறையிலும் அதைச் செய்யலாம்.